கூடைப்பந்தைத் தந்த ஆசிரியர்

ஆடி மாதத்தில் நம் ஊர் மைதானத்தில் கூடைப்பந்து ஆடுவது எளிதன்று. கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் காற்று, வளையத்தை நோக்கிச் செல்லும் பந்தைப் பாதி வழியிலேயே திசை திருப்பிவிடும். ஆனால் சென்ற ஆண்டு நாங்கள் ஒரு போட்டியில் தோற்றதற்குக் காற்று காரணமன்று. நான்தான் காரணம்.

ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து என் கையில் இருந்தது. வளையத்தின் கீழே எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, தடுப்பார் யாருமின்றி, இரு கைகளையும் நீட்டியபடி நின்றாள். அணித்தலைவியாகிய நானோ அவளுக்குப் பந்தைக் கொடுக்கவில்லை. நானே கூடையில் போட்டுப் பெயர் வாங்க வேண்டும் என்னும் ஆசையில் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடினேன். இருவர் வந்து மறித்தனர். பந்து பறிபோயிற்று, ஆட்டமும் போயிற்று. அதைவிட வருந்தத்தக்க செயல் ஒன்றையும் செய்தேன். திரும்பி வரும் பேருந்தில், நிற்க வேண்டிய இடத்தில் அவள் நிற்கவில்லை என்று எல்லார் காதும் கேட்க அவளையே குறை கூறினேன். அவள் ஒன்றும் பேசாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் விளையாட்டு ஆசிரியை என்னைக் கண்டிக்கவில்லை. கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் யார், எதற்காகக் கண்டுபிடித்தார் என்று படித்துவிட்டு வந்து சொல்லும்படி மட்டும் பணித்தார். அவ்வாறு தேடிப் படித்தறிந்த வரலாற்றையே இங்கே என் அன்புத் தோழியருக்காக எழுதுகிறேன்.

பெற்றோரை இழந்த சிறுவன்

கூடைப்பந்தின் தந்தை என்று போற்றப்படும் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆல்மான்ட் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் ஸ்காட்லாந்து வழிவந்தவர்கள். தந்தை மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்தார். 1870ஆம் ஆண்டு அந்தக் குடும்பத்தின் மீது பேரிடி விழுந்தது. டைபாய்டு காய்ச்சல் கண்டு, சில வாரங்களுக்குள் தந்தையும் தாயும் அடுத்தடுத்து இறந்தனர். அப்போது ஜேம்ஸுக்கு வயது ஒன்பது. அக்காள் ஆனியும் தம்பி ராபர்ட்டும் அவரும் அநாதைகளாயினர். முதலில் பாட்டியும், பின்னர் திருமணமாகாத தாய்மாமன் பீட்டரும் அவர்களை வளர்த்தனர்.

மாமன் அன்புள்ளவர், ஆனால் கண்டிப்பானவர். ஒரு குளிர்காலத்தில் ஜேம்ஸ், உறைந்திருந்த ஆற்றின் மீது குதிரைகளை ஓட்டிச் சென்றபோது பனிக்கட்டி உடைந்து குதிரைகள் நீரில் சிக்கிக்கொண்டன. சிறுவன் தன்னந்தனியே போராடி அவற்றைக் கரையேற்றினான். நிமிர்ந்து பார்த்தால், மரங்களுக்கிடையே மாமன் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தும் அவர் உதவிக்கு வரவில்லை. பையன் தன் காலில் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். பனிச்சறுக்குக் காலணி வாங்கப் பணமில்லாதபோது, பழைய அரங்களை மரக்கட்டையில் பொருத்தித் தாமே காலணி செய்துகொண்டார் ஜேம்ஸ். இல்லாததைச் சொல்லி வருந்தாமல், இருப்பதைக் கொண்டு செய்துகொள்ளும் பழக்கம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது.

அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். பெரிய பாறையின் மீது ஒரு கல்லை வைத்து, தொலைவில் நின்று வேறு கல்லால் எறிந்து அதை வீழ்த்த வேண்டும். ஏறத்தாழ நாம் ஆடும் ஏழு கல் விளையாட்டைப் போன்றது. வேகமாக நேராக எறிந்தால், குறி தப்பும்போது கல் வெகுதூரம் ஓடிவிடும். அதை எடுத்து வருவதற்குள் காவல் நிற்பவன் தொட்டுவிடுவான். வளைவாக, மெதுவாக, குறி பார்த்து எறிபவனே வெல்வான். இந்தச் சின்ன உண்மை பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

பதினைந்து வயது அளவில் அவர் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுக் காட்டில் மரம் வெட்டும் வேலைக்குப் போனார். சில ஆண்டுகள் கழித்து மனம் மாறி, தம்மைவிடச் சிறிய பிள்ளைகளோடு மீண்டும் பள்ளி வகுப்பில் அமர்ந்தார். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! 1883இல் பள்ளிப் படிப்பை முடித்து, மான்ட்ரியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

பிரசங்க மேடையா, விளையாட்டு மைதானமா?

போதகராக வேண்டும் என்பதே அவர் விருப்பம். இறையியலும் பயின்றார். அதே சமயம் கால்பந்து, லக்ராஸ் முதலிய விளையாட்டுகளிலும் சிறந்து விளங்கினார். கடவுள் பணிக்குப் போகிறவனுக்கு முரட்டு விளையாட்டு எதற்கு என்று வேண்டியவர்கள் பலரும் முகம் சுளித்தனர்.

ஒரு நாள் கால்பந்து ஆட்டத்தில் அவருக்கு அருகில் நின்று ஆடியவர் கோபத்தில் தகாத சொல் ஒன்றைச் சொல்லிவிட்டார். உடனே ஜேம்ஸ் பக்கம் திரும்பி, அவர் அங்கிருப்பதை மறந்துவிட்டதாகக் கூறி மன்னிப்புக் கேட்டார். ஜேம்ஸ் அவரை ஒருபோதும் கண்டித்தவர் அல்லர். தம் ஒழுங்கான ஆட்டமே மற்றவர் நாவைக் கட்டுப்படுத்துகிறது என்பதை அவர் அன்று உணர்ந்தார். மேடையில் நின்று நல்லதைச் சொல்வது போலவே, மைதானத்தில் நின்று நல்லபடி ஆடுவதும் பணிதான் என்னும் முடிவுக்கு வந்தார். 1890இல் இறையியல் படிப்பை முடித்ததும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். அக்காள் ஆனிக்கு இந்த முடிவு சிறிதும் பிடிக்கவில்லை. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை என்கிறார்கள்.

பதினான்கு நாள் கெடு

1891ஆம் ஆண்டுக் குளிர்காலம். வெளியே பனி கொட்டுவதால் மாணவர்கள் உள்ளரங்கில் கட்டளைக்கேற்பக் கையையும் காலையும் அசைத்து உடற்பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு வகுப்பு இதை அடியோடு வெறுத்தது. அவர்கள் சிறுவர்கள் அல்லர், வளர்ந்த இளைஞர்கள். அடுத்தடுத்து இரண்டு ஆசிரியர்கள் அவர்களிடம் தோற்றுப் பின்வாங்கினர். ஆசிரியர் கூட்டத்தில் நெய்ஸ்மித், குற்றம் மாணவர்களிடம் இல்லை, நாம் கற்பிக்கும் முறையில்தான் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். துறைத் தலைவர் லூதர் குலிக் உடனே அந்த வகுப்பை அவரிடமே ஒப்படைத்தார். உள்ளரங்கில் ஆடத்தக்க புதிய விளையாட்டு ஒன்றைப் பதினான்கு நாட்களுக்குள் கொண்டுவர வேண்டும் என்றும் கூறிவிட்டார்.

நெய்ஸ்மித் முதலில் கால்பந்தை மாற்றி அரங்குக்குள் ஆடச் செய்தார். ஒருவர் மீது ஒருவர் மோதி விழுந்து அடிபட்டனர். லக்ராஸும் சரிப்படவில்லை. கெடு முடியும் தறுவாயில் அவர் மனம் சோர்ந்து தம் அறையில் அமர்ந்தார். அப்போதுதான் ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியே பிரித்து எண்ணிப் பார்த்தார்.

ஆட்டத்தில் முரட்டுத்தனம் எங்கே தொடங்குகிறது? பந்தை ஏந்திக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். அவனை நிறுத்த மற்றவர்கள் அவனைப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. அப்படியானால் பந்தை வைத்திருப்பவன் ஓடக்கூடாது. ஓடவில்லையென்றால் அவனைப் பிடித்துத் தள்ளத் தேவையில்லை. ஓடக்கூடாதென்றால் அவன் என்ன செய்வான்? தன் தோழனுக்குப் பந்தைக் கொடுப்பான். அடுத்து இலக்கு. அது தரையில் இருந்தால் எல்லாரும் வேகமாக எறிவார்கள், அடி படும். தலைக்கு மேல், வானத்தைப் பார்த்தபடி இருந்தால்? சிறு வயதில் பாறைமேல் வைத்த கல்லை வளைவாக எறிந்து வீழ்த்தியது அவருக்கு நினைவு வந்தது. வலிமையை விடக் குறியும் பொறுமையும் வெல்லும் ஆட்டம் உருவாயிற்று.

மறுநாள் பள்ளிக் காவலாளியிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டி கிடைக்கவில்லை. பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகள்தாம் கிடைத்தன. கொடைக்கானல் மலையில் விளைகிறதே, அதே பீச் பழம்தான். பெட்டிதான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அரங்கின் இரு முனைகளிலும் இருந்த மாடத்தின் கைப்பிடியில் அவற்றை ஆணியடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றும் உலகெங்கும் கூடைப்பந்து வளையம் அதே 10 அடி உயரத்தில்தான் இருக்கிறது. பிறகு 13 விதிகளை எழுதித் தட்டச்சு செய்வித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

1891 டிசம்பர் 21ஆம் நாள் முதல் ஆட்டம் நடைபெற்றது. பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து, சாதாரணக் கால்பந்து. வில்லியம் சேஸ் என்னும் மாணவர் தொலைவிலிருந்து எறிந்த பந்து ஒன்று மட்டுமே கூடையில் விழுந்தது. கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால் ஏணி வைத்து ஏறிப் பந்தை எடுத்தனர். முழு ஆட்டத்தின் கணக்கு 1–0. ஆயினும் மாணவர்களுக்கு ஆட்டம் பிடித்துப்போயிற்று. அந்த வகுப்பின் குறும்புத் தலைவர்களுள் ஒருவரான ஃபிராங்க் மாகன், இதற்கு ஆசிரியரின் பெயரையே வைக்கலாம் என்றார். நெய்ஸ்மித் சிரித்து மறுத்துவிட்டார். அப்படியானால் கூடையும் பந்தும் இருப்பதால் கூடைப்பந்து என்றே அழைக்கலாம் என்று மாகன் சொன்ன பெயர் நிலைத்துவிட்டது. அடங்காதவர் என்று பேர் எடுத்த மாணவரே ஆட்டத்துக்குப் பெயர் வைத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே செல்வது அந்த 13 விதிகளில் இல்லை என்று படித்தபோது நான் வெட்கப்பட்டேன். நெருக்கடியில் மாட்டிக்கொண்ட ஆட்டக்காரர்கள் பின்னாளில் கண்டுபிடித்த வழி அது. முதல் நாள் ஆட்டத்தில் இருந்தது ஒன்றே ஒன்று: பந்து கைக்கு வந்ததும், நின்று, பார்த்து, அடுத்தவருக்குக் கொடுப்பது.

பெண்கள் களத்தில் இறங்கினர்

அரங்கிலிருந்து வரும் ஆரவாரத்தைக் கேட்டு, அருகிலிருந்த பள்ளி ஆசிரியைகள் சிலர் வந்து மாடத்தில் நின்று பார்த்தனர். தாங்களும் ஆடலாமா என்று கேட்டனர். பெண்களுக்கு இது ஆகாது என்று சொல்வது அக்காலத்தில் இயல்பு. நெய்ஸ்மித் அப்படிச் சொல்லவில்லை. 1892ஆம் ஆண்டிலேயே அவர்கள் கணுக்கால்வரை தொங்கும் பாவாடையோடு ஆடத் தொடங்கினர். அவர்களோடு ஆடியவர்களுள் ஒருவரான மாட் ஷெர்மன் என்னும் பெண்மணியை 1894இல் நெய்ஸ்மித் மணந்தார். அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை பெண்களுக்கேற்ப விதிகளை அமைத்து, 1893 மார்ச் 22ஆம் நாள் போட்டி நடத்தினார். அதைக் காண ஆண்களுக்கு அனுமதி இல்லை! ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து இடம்பெற 1976வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது நிகழ்ந்தது நெய்ஸ்மித் படித்த மான்ட்ரியல் நகரில்தான். நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவியாக விளங்கி 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார் என்பது நமக்கெல்லாம் பெருமை.

நம் நாட்டுக்கு வந்த வழி

முதல் ஆட்டத்தில் இரு அணிகளின் தலைவர்களுள் ஒருவராக இருந்தவர் டங்கன் பேட்டன். அவரே 1894இல் இந்த ஆட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அந்த வகுப்பில் இருந்த இஷிகாவா என்னும் மாணவர் ஜப்பானியர். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற மற்றொருவரான எச்.சி. பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி, 1943இல் இறக்கும்வரை நம்மிடையே உழைத்தார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் ஊர் ஊராகச் சென்று பள்ளிகளில் விளையாட்டைப் பரப்பினர். நம் மாவட்டத்தில் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடைதோறும் நடத்திவரும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பழக்கூடையில் தொடங்கிய ஆட்டம் எங்கெங்கோ சுற்றி, மாம்பழத்துக்குப் பேர்போன பெரியகுளத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

தோற்ற பயிற்சியாளர், வென்ற ஆசிரியர்

நெய்ஸ்மித் அத்தோடு நிற்கவில்லை. டென்வர் நகரில் பணிபுரிந்துகொண்டே மருத்துவம் படித்து 1898இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியராகவும், ஆலய வழிபாட்டை நடத்துபவராகவும் சேர்ந்தார். அவர் பயிற்சியில் அந்தப் பல்கலைக்கழக அணி 55 ஆட்டங்களில் வென்றது. 60 ஆட்டங்களில் தோற்றது. அதன் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி மிகுதியாகக் கண்ட பயிற்சியாளர், அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த அவர் ஒருவரே! அவருடைய மாணவர் ஃபாக் ஆலன் பின்னர் 500க்கும் மேற்பட்ட வெற்றிகளைப் பெற்றுப் புகழடைந்தார். அதைக் கண்டு நெய்ஸ்மித் பொறாமைப்படவில்லை. ஆட்டம், ஆடுகிறவர்களை நல்லவர்களாக்க வேண்டும் என்பதே அவர் கவலை.

1933இல் ஜான் மக்லெண்டன் என்னும் கறுப்பின மாணவர் அங்கே உடற்கல்வி பயில வந்தார். நிறவேற்றுமை காரணமாகப் பல்கலைக்கழக அணியில் அவருக்கு இடமில்லை. முதியவரான நெய்ஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்று, அருகில் வைத்துக் கற்றுக்கொடுத்து, அவருக்கு இழைக்கப்பட்ட அநீதிகளில் துணை நின்றார். களத்தில் இறங்க முடியாத அந்த மாணவர், பின்னாளில் தம் கல்லூரி அணியை 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று முறை தேசியப் போட்டியில் வெற்றி பெறச் செய்தார். ஒதுக்கி நிறுத்தப்பட்டவருக்குப் பந்தைக் கொடுத்தார் நெய்ஸ்மித் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றது. அமெரிக்கப் பயிற்சியாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி அவரை அனுப்பி வைத்தனர். முதல் ஆட்டத்தின் பந்தை அவரே மேலே எறிந்து தொடங்கி வைத்தார். 21 நாடுகளின் அணிகள் ஆடின. ஆட்டத்தைக் கண்டுபிடித்து அவர் செல்வம் சேர்க்கவில்லை. 1939 நவம்பர் 28ஆம் நாள் கான்சாஸ் மாநிலம் லாரன்சு நகரில் தம் 78ஆம் வயதில் காலமானார். அவர் ஒட்டி வைத்த 13 விதிகளின் தாள்கள் 2010இல் 43 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயின.

நாம் கற்கும் பாடம்

தோழியரே, வகுப்பு அடங்கவில்லை என்றால் நாம் உடனே மாணவியரைக் குறை கூறுகிறோம். நெய்ஸ்மித் முறையைக் குறை கூறி, அதை மாற்றினார். வகுப்புத் தலைவியாக இருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். பெயர்களைப் பலகையில் எழுதுவதற்கு முன், அவர்கள் ஏன் பேசுகிறார்கள் என்று ஒருமுறை கேட்கலாம்.

வீட்டிலும் இந்தப் பாடம் உண்டு. விடியற்காலை அடுப்பு மூட்டுவது முதல் இரவு கதவைத் தாழிடுவதுவரை எங்கள் அம்மாவின் கையில்தான் பந்து இருக்கிறது. நாங்கள் எல்லாரும் கை நீட்டாமல் நிற்கிறோம். பந்து வைத்திருப்பவர் கொடுக்க வேண்டும் என்பது போலவே, மற்றவர்கள் வாங்கத் தயாராக நிற்க வேண்டும் என்பதும் ஆட்டத்தின் விதி அல்லவா? இப்போது தண்ணீர் பிடித்து வைப்பதும் பாத்திரம் கழுவுவதும் என் வேலை.

இந்த வரலாற்றைப் படித்து முடித்த மறுநாள், காலை வழிபாடு முடிந்ததும் அந்தத் தங்கையைத் தேடிப் போனேன். பேருந்தில் நான் சொன்னது பொய் என்றும், அவள் சரியான இடத்தில்தான் நின்றாள் என்றும் எங்கள் அணியினர் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். தனியே சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் குறை சொன்னது எல்லார் முன்னும் அல்லவா?

இந்த ஆண்டுப் போட்டியிலும் கடைசி நேரத்தில் பந்து என்னிடம் வந்தது. நின்றேன், பார்த்தேன், அவளுக்குக் கொடுத்தேன். அவள் எறிந்த பந்து வளையத்தைச் சுற்றி வந்து வெளியே விழுந்துவிட்டது. மீண்டும் தோற்றோம். ஆனால் திரும்பி வரும் பேருந்தில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சின்னமனூர் தாண்டும்போது என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி